கருவி பாதி, கோப்பு பாதி: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவித் தொழில்நுட்பம் எப்படி உதவுகிறது

பல்கலைக்கழகக் கூட்டங்களிலும் அறிக்கைகளிலும் 'உதவித் தொழில்நுட்பம்' என்ற சொல் அடிக்கடி அடிபடுகிறது. பார்வையற்ற மாணவர்களுக்கு மென்பொருள் வாங்கிக் கொடுத்தாயிற்று, காது கேளாதவர்களுக்குக் கருவி கொடுத்தாயிற்று, இனி அவர்கள் படித்துக்கொள்வார்கள் என்ற பொருளில்தான் பெரும்பாலும் அது பேசப்படுகிறது. சில மாதங்கள் கழித்து அந்த மாணவர்களில் ஒருவர் பாடத்தில் பின்தங்கினால், எல்லா வசதியும் செய்து கொடுத்தும் அவரால் முடியவில்லையே என்ற பேச்சு எழுகிறது. அந்தப் பேச்சு எவ்வளவு அநியாயமானது என்பது, இக்கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்று தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். இத்துறையில் எந்த முன்னறிவும் இல்லாதவர் அதைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மூக்குக்கண்ணாடியிலிருந்து தொடங்குவோம்

கிட்டப்பார்வை உள்ள மாணவர் கண்ணாடி அணிந்து தேர்வு எழுதுவதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. கண்ணாடி அவருக்கு விடையைச் சொல்லித் தருவதில்லை. வினாத்தாளில் அச்சாகியிருப்பதை அவர் கண்ணுக்குத் தெளிவாகக் கொண்டு சேர்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. உடலிலோ புலனிலோ கற்கும் முறையிலோ உள்ள வேறுபாட்டால் ஒருவருக்கு எட்டாமல் போகும் ஒரு செயலை, அவர் தாமே செய்துகொள்ள வழிவிடும் எந்தப் பொருளும், கருவியும், மென்பொருளும் உதவித் தொழில்நுட்பம் எனப்படும். சக்கர நாற்காலி அதில் அடங்கும். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கியும், கைபேசியில் ஏற்கெனவே இருக்கிற, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் வசதியும் அடங்கும்.

இதே கண்ணாடியை அணிந்துகொண்டு இருட்டறைக்குள் போனால் என்ன ஆகும்? எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அது பயன்படாது. கண்ணாடி வேலை செய்ய வெளிச்சம் வேண்டும், அந்த வெளிச்சத்தைத் தர வேண்டியவர் அறையைப் பராமரிப்பவர். கணினிவழிக் கருவிகளுக்கும் இப்படி ஒரு வெளிச்சம் தேவைப்படுகிறது. பாடக் கோப்பு எந்த முறையில் உருவாக்கப்பட்டிருக்கிறது என்பதே அந்த வெளிச்சம்.

திரைவாசிப்பான் எதை வாசிக்கிறது?

கணினித் திரையில் உள்ளதைச் செயற்கைக் குரலில் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. 2009-இல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பான் உள்ளமைந்தே வந்தது. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் டாக்பேக் இருக்கிறது. ஆகவே, கருவி கிடைப்பது முன்பு போல் பெரிய தடையாக இல்லை.

திரைவாசிப்பான் நம்மைப் போலத் திரையைப் பார்த்து, அதில் தெரியும் எழுத்துகளைப் படிக்கிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அது திரையைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு செயலியும், இணையப்பக்கமும், ஆவணமும் தன்னுள் என்னென்ன உறுப்புகள் இருக்கின்றன என்ற ஒரு பட்டியலை, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயக்குதளத்திடம் ஒப்படைக்கிறது. ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் அதில் மூன்று செய்திகள் இருக்கும்: அது என்ன வகை, அதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது. திரைவாசிப்பான் இந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கித்தான் வாசிக்கிறது. 'தேர்வுப்பெட்டி, விதிமுறைகளை ஏற்கிறேன், குறியிடப்படவில்லை' என்று அது சொன்னால், அந்த மூன்று செய்திகளும் சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

பெரிய கிடங்கு ஒன்றில் நூற்றுக்கணக்கான பெட்டிகள் அடுக்கப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். கண் தெரிந்தவர் பெட்டியின் வடிவத்தையும் நிறத்தையும் பார்த்தே உள்ளே இருப்பதை ஓரளவு ஊகித்துவிடுவார். இருட்டில் நிற்பவருக்குப் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். சீட்டே ஒட்டாமல் விட்டிருந்தால் 'இங்கே ஒரு பெட்டி இருக்கிறது' என்பதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? பல்கலைக்கழக இணையதளத்தில் கட்டுரையைச் சமர்ப்பிக்கும் பொத்தானுக்கு வெறும் அம்புக்குறிப் படத்தை மட்டும் வைத்து, பெயர் கொடுக்காமல் விட்டால் நடப்பது இதுதான். திரைவாசிப்பான் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். அதற்கடுத்த உறுப்பையும் 'பொத்தான்' என்றே சொல்லும். எது சமர்ப்பிக்கும், எது அழிக்கும் என்று தெரியாமல், கெடு முடிய பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு மாணவர் அந்தப் பக்கத்தில் நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் ஆவணத்தை முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரேயடியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. நாம் பக்கங்களைப் புரட்டித் தலைப்புகளை மேய்வது போலவே அவரும் செய்கிறார். என்விடிஏ-வில் இணையப்பக்கம் ஒன்றைத் திறந்து 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம், 'டி' விசையால் அடுத்த அட்டவணைக்குப் போகலாம். பழகியவர்கள் குரலின் வேகத்தை இயல்பான பேச்சைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக வைத்துக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஆனால் இந்தத் தாவல் நடக்க வேண்டுமானால், தலைப்பு என்பது கோப்பினுள் 'தலைப்பு' என்றே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பு. பட்டியலில் அது இன்னொரு சாதாரண வரியாகவே இருக்கும்.

பேச்சுக்குப் பதிலாகவோ அதனுடன் சேர்த்தோ பிரெயிலைப் பயன்படுத்துவோரும் உண்டு. லூயி பிரெயில் 1824-இல், தம் பதினைந்தாம் வயதில் வடிவமைத்த ஆறு புள்ளி முறையில் 63 வகைக் குறிகளை அமைக்கலாம். பிரெயில் காட்சிப் பலகை என்ற கருவியில் சிறு ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் அந்தக் குறிகளை ஒரு வரியாக விரலுக்குக் காட்டும், படித்து முடித்ததும் அடுத்த வரி எழும். நிரல் எழுதுபவர்களுக்கும் மொழி பயில்பவர்களுக்கும் இது மிகவும் தேவை. ஒரு சொல்லில் ஒற்று மிகுகிறதா இல்லையா என்பதைக் காதால் கேட்டு உறுதிசெய்வது கடினம், விரல் அதைத் தொட்டு அறிந்துவிடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: திரைவாசிப்பான் கோப்பினுள் குறித்துவைக்கப்பட்ட வகையையும் பெயரையும் நிலையையும் வாசிக்கிறது. குறிக்காமல் விட்டதை அதனால் சொல்ல இயலாது.

ஒரு பாடக் கோப்பைத் திறந்து பார்ப்போம்

வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் நூலின் முப்பது பக்கங்களை ஒளிவருடி எடுத்து, பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார். நாம் திறந்தால் எழுத்துகள் பளிச்சென்று தெரிகின்றன. பார்வையற்ற மாணவர் திறந்தால் திரைவாசிப்பான் எதுவும் சொல்வதில்லை, அல்லது ஆவணம் வெறுமையாக இருக்கிறது என்கிறது. ஒளிவருடிய பக்கம் என்பது பக்கத்தின் புகைப்படம், அதில் கறுப்புப் புள்ளிகளும் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றனவே ஒழிய எழுத்து என்று ஒன்றுகூட இல்லை. சுவரில் மாட்டிய மாம்பழப் படத்திலிருந்து மணம் வராதது போலத்தான் இது.

அந்தப் படத்திலிருந்து எழுத்துகளை மீட்டெடுக்கும் மென்பொருளுக்கு எழுத்துணரி என்று பெயர். அது புள்ளிகளின் வடிவத்தைத் தனக்குத் தெரிந்த எழுத்து வடிவங்களோடு ஒப்பிட்டு, இது 'க', இது 'ந' என்று தீர்மானிக்கிறது. 1976-இல் அமெரிக்காவில் ரே கர்ஸ்வைல் அறிமுகப்படுத்திய வாசிக்கும் இயந்திரம் ஒளிவருடியையும் எழுத்துணரியையும் செயற்கைக் குரலையும் ஒன்றாகச் சேர்த்திருந்தது. இன்று அதே வேலையைக் கைபேசி செய்கிறது. ஆனாலும் கோணலாக வைத்து எடுத்த பக்கம், ஓரத்தில் பேனாவால் கிறுக்கிய குறிப்பு, மங்கிய அச்சு, இரண்டு பத்திகளாக அமைந்த பக்கம் ஆகியவற்றில் எழுத்துணரி தடுமாறும். இரண்டு பத்திகளையும் ஒரே வரியாக எண்ணி, இடப்பக்கத்துப் பாதி வாக்கியத்தோடு வலப்பக்கத்துப் பாதியை அது ஒட்டிவிட்டால், அதைக் கேட்பவர் தாம்தான் தவறாகப் புரிந்துகொண்டோமோ என்று மயங்குவார்.

தமிழில் எழுதுகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய சிக்கல் ஒன்று தனியாக இருக்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்திருந்தன. பாமினி என்ற எழுத்துருவில் 'தமிழ்' என்று திரையில் தெரியும் சொல், கோப்பினுள் உண்மையில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே இருக்கிறது. எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகமூடியை மாட்டிக் காட்டுகிறது. திரைவாசிப்பானுக்கு முகமூடி தெரியாது என்பதால், அது ஜே கே பி ஓ என்றுதான் சொல்லும். ஒரு முழு நூலே இப்படித் தட்டச்சு செய்யப்பட்டிருந்தால், கண்ணால் படிப்பவருக்கு அருமையான தமிழாகவும் காதால் படிப்பவருக்குப் பொருளற்ற ஒலிக்கூட்டமாகவும் அது இருக்கும். இத்தனைக்கும் அதை ஒருங்குறிக்கு மாற்றுவது மாற்றிகளைக் கொண்டு சில நிமிடங்களில் முடிகிற வேலை. பழைய கோப்புகளை வைத்திருப்பவர்கள் அவற்றை மாற்றாமலே பரப்பிக்கொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கணிதத்தில் சிக்கல் வேறு விதமாக வருகிறது. 'பன்னிரண்டு வகுத்தல் இரண்டு கூட்டல் நான்கு' என்று ஒருவர் சொல்வதைக் கேளுங்கள். பன்னிரண்டை இரண்டால் வகுத்து நான்கைக் கூட்டினால் விடை 10. இரண்டையும் நான்கையும் கூட்டி, வந்த ஆறால் வகுத்தால் விடை 2. தாளில் பின்னக் கோடு எவ்வளவு தூரம் நீண்டிருக்கிறது என்பதைப் பார்த்தே நாம் இதைத் தீர்மானித்துவிடுகிறோம், காதுக்கு அந்தக் கோடு கேட்பதில்லை. சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் திரைவாசிப்பான் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும். இதற்காகவே 1998 முதல் மேத்எம்எல் என்ற குறிமுறை இருக்கிறது. எது மேலே, எது கீழே, எது அடுக்கு என்பதை அது எழுத்தாகவே குறித்துவைப்பதால், திரைவாசிப்பானால் 'பின்னம் தொடக்கம்', 'பின்னம் முடிவு' என்று எல்லை சொல்லி வாசிக்க முடிகிறது.

படங்களுக்கு எழுதும் மாற்று உரையையும் இங்கேயே பார்த்துவிடலாம். படத்தைக் காண இயலாதவருக்காகப் படத்தோடு இணைத்துவைக்கும் சிறு விளக்கமே மாற்று உரை. பனிக்கட்டியைச் சீராகச் சூடாக்கும்போது வெப்பநிலை மாறும் விதத்தைக் காட்டும் வரைபடத்துக்கு 'வரைபடம் 4' என்று மாற்று உரை எழுதினால் பயனில்லை. 'ஒரு நீலக் கோடு ஏறிச் செல்கிறது' என்பதும் அப்படியே. 'வெப்பநிலை ஏறி 0 பாகையில் சிறிது நேரம் மாறாமல் நிற்கிறது, மீண்டும் ஏறி 100 பாகையில் அதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நேரம் நிற்கிறது, பிறகு மறுபடி ஏறுகிறது' என்று எழுதினால், உருகுவதைவிட ஆவியாவதற்கு எவ்வளவு மிகுதியான வெப்பம் வேண்டும் என்ற பாடத்தின் சாரமே மாணவரைச் சேர்ந்துவிடுகிறது. மாற்று உரையில் படம் எப்படி இருக்கிறது என்பதைவிட, அந்த இடத்தில் அது என்ன கற்பிக்கிறது என்பதையே சொல்ல வேண்டும். அதனால்தான் இதைப் பாடம் நடத்துபவரே எழுதுவது நல்லது. அலுவலக உதவியாளருக்கோ தானியங்கி மென்பொருளுக்கோ அந்தப் பாடத்தின் குறிக்கோள் தெரிய வாய்ப்பில்லை.

சுருக்கமாக: கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கோப்பினுள்ளும் எழுத்தாக இருக்க வேண்டும், தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும், படம் பேச வேண்டியதை மாற்று உரை பேச வேண்டும்.

கேட்பதில் உள்ள சிக்கல் ஒலிக்குறைவு மட்டுமா?

காது கேட்கும் கருவியை அணிந்தால் எல்லாம் கேட்டுவிடும் என்பது இன்னொரு பரவலான தவறு. பெரிய விரிவுரைக் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ஒருவர் ஒலிபெருக்கி இல்லாமல் பேசுவதைக் கேட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். குரல் மெல்லியதாக இருப்பது மட்டும் அங்கே தொல்லையாக இருப்பதில்லை, மின்விசிறி ஓசையும் பக்கத்து இருக்கையின் கிரீச்சொலியும் அந்தக் குரலுக்கு மேலாக எழுந்து நிற்கின்றன. திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் குரலின் அளவு 6 டெசிபல் குறைகிறது, கேட்பவரின் பக்கத்தில் இருக்கும் இரைச்சலோ குறைவதில்லை. காதில் உள்ள கருவி இரண்டையும் சேர்த்தே பெருக்குகிறது.

இதற்குத் தீர்வாக வந்தது தொலை ஒலிவாங்கி. ஆசிரியரின் சட்டையில் சிறிய ஒலிவாங்கியைப் பொருத்தி, அவர் குரலை வானொலி அலைவழியே மாணவரின் கருவிக்கு நேராக அனுப்புவதே இம்முறை. ஆசிரியர் இருபது மீட்டர் தள்ளி நின்றாலும் மாணவரின் காதருகே நின்று பேசுவது போலக் கேட்கும். இவ்வளவு நல்ல கருவியும் இரண்டு சின்னக் காரணங்களால் வீணாகிறது. 'என் குரல் உரத்த குரல், எனக்கு மைக் வேண்டாம்' என்று ஆசிரியர் சொல்வது ஒன்று. பின்வரிசையில் யாரோ கேட்ட கேள்வியைத் திருப்பிச் சொல்லாமல் விடையை மட்டும் சொல்வது மற்றொன்று. கேள்வி தெரியாமல் விடையை மட்டும் கேட்டவர் குறிப்பேட்டில் எதை எழுதுவார்?

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் வசன வரிகளும் பெரிதும் பயன்படுகின்றன. தானியங்கி மென்பொருள்கள் அன்றாடப் பேச்சை ஓரளவு நன்றாகப் பிடித்துவிடுகின்றன. கலைச்சொற்கள், ஆட்பெயர்கள், இரண்டு மொழி கலந்த பேச்சு ஆகியவற்றில்தான் அவை பெரும்பாலும் பிழை செய்கின்றன, பல்கலைக்கழக வகுப்பில் முக்கியமானவையும் இவையே. ஒரு மருத்துவ வகுப்பில் மருந்தின் பெயர் தவறாக எழுத்தானால் அந்த வரியே பொய்யாகிவிடும். பதிவுசெய்த காணொளியாக இருந்தால் ஒருவர் வசன வரிகளைப் படித்துத் திருத்திய பிறகே மாணவர்களுக்குத் தர வேண்டும்.

பிறவியிலிருந்தே காது கேளாத பலருக்குச் சைகைமொழியே முதல்மொழி. அதற்குத் தனி இலக்கணம் உண்டு, எழுத்துமொழி அவர்களுக்கு இரண்டாம் மொழி. அவர்களுக்கு வசன வரி மட்டும் போதும் என்று முடிவுசெய்துவிடுவது சரியாகாது. சைகைமொழி பெயர்ப்பாளரின் இடத்தை எந்த மென்பொருளும் இன்னும் நிரப்பவில்லை.

ஒரே ஒரு பொத்தானால் எழுதுவது

கையால் விசைப்பலகையைத் தட்ட இயலாதவருக்குப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் உண்டு. பேச்சும் இயலாதவருக்குக் கண் அசைவைப் பின்தொடரும் கருவி உண்டு: அது கண்ணில் அகச்சிவப்பு ஒளியைப் படவிட்டு, கருவிழியின் மேற்பரப்பில் அது பிரதிபலிக்கும் இடத்தைக் கேமராவால் அளந்து, திரையில் எங்கே பார்க்கிறார் என்று கணக்கிடுகிறது. உடலில் ஒரே ஓர் அசைவு மட்டும் எஞ்சியிருந்தால்கூட எழுத முடியும். அந்த முறைக்கு வருடித் தேர்தல் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம்.

தமிழின் 247 எழுத்துகளையும் ஒரே வரிசையில் வைத்து, ஒளிக்கட்டம் ஒன்று நொடிக்கு ஓர் எழுத்தாக நகர்வதாகக் கொள்வோம். வேண்டிய எழுத்தின் மேல் வரும்போது பொத்தானை அழுத்த வேண்டும். சராசரியாக ஓர் எழுத்துக்கு 124 நொடி, அதாவது இரண்டு நிமிடத்துக்கும் மேல் காத்திருக்க நேரும். அதே எழுத்துகளைப் பதினாறு வரிசை, பதினாறு நிரல் என்று கட்டமாக அடுக்கி, முதல் அழுத்தத்தில் வரிசையையும் இரண்டாவதில் எழுத்தையும் தேர்ந்தால் சராசரி ஏறத்தாழ 17 நொடியாகக் குறைகிறது. மெய்யையும் உயிர்க்குறியையும் தனித்தனியே தேர்ந்து சேர்ப்பது, அடிக்கடி வரும் எழுத்துகளை முன்னே வைப்பது, தொடங்கிய சொல்லை மென்பொருளே ஊகித்துக் காட்டுவது ஆகியவற்றால் வேகத்தை இன்னும் கூட்டலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஸ்டீவன் ஹாக்கிங் 1985-இல் பேச்சை இழந்த பிறகு இத்தகைய முறையிலேயே எழுதினார். கை அசைவும் நின்றுபோன பிற்காலத்தில், கன்னத் தசையின் சிறு துடிப்பை அவருடைய மூக்குக்கண்ணாடியில் பொருத்திய அகச்சிவப்பு உணரி கண்டறிந்து, அதையே பொத்தான் அழுத்தமாக எடுத்துக்கொண்டது.

இந்தக் கணக்கை இவ்வளவு விரிவாகப் போட்டுக் காட்டியதற்குக் காரணம் இருக்கிறது. சிந்தனையின் வேகமும் எழுத்து வெளிவரும் வேகமும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை. ஒரு வரியை எழுதப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் மாணவரின் மனத்தில் முழுப் பத்தியும் முன்பே தயாராக இருக்கலாம்.

வெளியே தெரியாத தடைகள்

டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ளவருக்குப் பார்வையும் அறிவுத்திறனும் சரியாகவே இருக்கும். எழுத்துகளை ஒலிகளாக மாற்றிச் சேர்ப்பதில்தான் மூளை அளவுக்கு மீறி உழைக்கிறது, அந்த உழைப்பிலேயே களைத்துப்போவதால் பொருளைப் பற்றிக்கொள்ளச் சக்தி மிஞ்சுவதில்லை. வாசிக்கும் சொல்லைத் திரையில் வண்ணமிட்டுக் காட்டிக்கொண்டே உரக்கப் படிக்கும் மென்பொருள் அந்தச் சுமையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கிறது. கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு விரிவுரையின் ஒலிப்பதிவும், அதோடு நேரம் ஒத்துப்போகும் குறிப்புகளும் உதவுகின்றன. இவர்கள் பெரும்பாலும் தங்கள் நிலையை வெளியே சொல்வதில்லை. சோம்பல் என்று எண்ணிவிடுவார்களோ என்ற அச்சம் நியாயமானதாகவே இருந்துவருகிறது.

தேர்வில் கூடுதல் நேரம் ஏன்?

மேலே சொன்ன வழிமுறைகளை அறிந்தவருக்கு இந்தக் கேள்விக்கு விடை எளிது. நான்கு பக்கப் பத்தியைக் கொடுத்துப் பத்துக் கேள்விகள் கேட்டால், கண் தெரிந்தவர் கேள்வியைப் படித்துவிட்டு ஒரு நொடியில் பத்திக்குப் பார்வையைத் திருப்பி வேண்டிய வரியைப் பிடித்துவிடுவார். திரைவாசிப்பானால் படிப்பவர் கேள்வியிலிருந்து பத்திக்குச் சென்று, வரி வரியாகத் தேடி, கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு, மறுபடி கேள்விக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இந்தப் போக்குவரத்து உண்டு. கூடுதல் நேரம் இந்தப் பயணத்துக்காகத் தரப்படுகிறது. விடையை யோசிக்கத் தருவதாக அதை எண்ணிவிடக் கூடாது. பதிலி எழுத்தர் ஒருவரிடம் விடையைச் சொல்லி எழுதச் செய்யும்போதும் அப்படியே: எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, அடிக்கோடு என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பில் ஆண்டு முழுவதும் ஒரு கருவியால் படித்தவரைத் தேர்வன்று மட்டும் அந்தக் கருவி இல்லாமல் எழுதச் சொல்வது, கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு எழுதச் சொல்வதற்கு ஒப்பானது.

பல்கலைக்கழகத்தின் பங்கு எது?

ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, உயர்கல்வியையும் சேர்த்தே பேசுகிறது. 'நியாயமான மாற்றமைவு' என்ற கருத்தையும் அந்த உடன்படிக்கை பயன்படுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட நபரின் தேவைக்காக, நிறுவனத்தின் மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாமல் செய்துதரப்படும் மாற்றமே நியாயமான மாற்றமைவு. அணுகுதன்மை என்பது இதற்கு முந்தியது. யாரும் வந்து கேட்பதற்கு முன்பே, எல்லோரும் பயன்படுத்தும்படி ஒன்றை அமைத்துவைப்பதை அது குறிக்கும். படிக்கட்டில் ஒருவரைத் தூக்கிச் செல்வது மாற்றமைவு என்றால், கட்டடம் கட்டும்போதே சாய்தளம் வைப்பது அணுகுதன்மை. இரண்டாவதை நன்றாகச் செய்தால் முதலாவதன் தேவை பெரிதும் குறையும். பாடக் கோப்புகளும் கட்டடங்களைப் போலவே.

நூல்களைப் பொறுத்தவரை முன்பு பதிப்புரிமை குறுக்கே நின்றது. பார்வையற்றவருக்காக ஒரு நூலைப் பிரெயிலாகவோ ஒலிநூலாகவோ மாற்ற உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளில் இத்தகைய படிகளை அனுமதி கேட்காமலே உருவாக்கவும், நாடுகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்தது. அச்சு நூலைப் படிக்க இயலாத பிறருக்கும், டிஸ்லெக்சியா உள்ளவர்கள் உட்பட, அது பொருந்தும். இதைப் பல நூலகங்களே இன்னும் முழுமையாகப் பயன்படுத்தத் தொடங்கவில்லை என்பது என் கணிப்பு.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் மாணவரின் சொல்லே முதன்மையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1993-இல் வெளியான ஆய்வு ஒன்றில், வாங்கிய உதவிக் கருவிகளில் ஏறத்தாழ 30 விழுக்காடு கைவிடப்பட்டிருந்தது தெரியவந்தது. கருவியைத் தேர்ந்தபோது பயன்படுத்துபவரின் கருத்தைக் கேட்காமல் விட்டது அதற்கான காரணங்களில் ஒன்று. ஒரே குறைபாடு உள்ள இருவருக்கு ஒரே கருவி பொருந்தும் என்று எண்ணுவது, ஒரே வயதுள்ள இருவருக்கு ஒரே கண்ணாடி பொருந்தும் என்பதைப் போன்றது. கருவியைக் கையில் கொடுத்ததோடு வேலை முடிவதும் இல்லை. திரைவாசிப்பானைப் புதிதாகக் கற்பவருக்குப் பல வாரப் பயிற்சி வேண்டும், அதைப் பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் தொடங்கக் கூடாது.

ஆசிரியர் ஒருவர் எந்தச் செலவும் இல்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. சொற்செயலியில் தலைப்பு எழுதும்போது எழுத்தின் அளவைக் கையால் மாற்றாமல் 'தலைப்பு 1', 'தலைப்பு 2' என்ற நடைகளைத் தேர்வது, ஒருங்குறியில் மட்டும் தட்டச்சு செய்வது, கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது போன்றவை. 'இதிலிருந்து அதைக் கழித்தால் இது வரும்' என்று சுட்டிக்காட்டிப் பேசினால் பார்வையற்ற மாணவருக்கு அங்கே எதுவுமே சொல்லப்படவில்லை. 'இரண்டாம் சமன்பாட்டிலிருந்து முதல் சமன்பாட்டைக் கழித்தால்' என்று சொல்ல இரண்டு நொடிதான் கூடுதலாகும்.

ஒரு கோப்பையோ இணையப்பக்கத்தையோ அனுப்புவதற்கு முன் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுட்டியை (மவுஸ்) தொடாமல் 'டேப்' விசையை மட்டும் அழுத்தி, பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் பொத்தான்களுக்கும் போக முடிகிறதா என்று பாருங்கள். பிறகு கைபேசியின் அமைப்புகளில் அணுகுதன்மைப் பகுதிக்குச் சென்று திரைவாசிப்பானை இயக்கி, கண்களை மூடிக்கொண்டு உங்கள் பாடக் குறிப்பின் மூன்றாம் பகுதியைத் தேடிக் கண்டுபிடிக்க முயலுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு, தலைப்பு நடைகளை இட்ட பிறகு அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். வாசிப்புப் பட்டியலைப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே வெளியிட்டு, எந்தக் கோப்பு வடிவம் வசதியாக இருக்கும் என்று மாணவரிடமே கேட்டுவிட்டால், நூலை மாற்றித் தருபவர்களுக்கு வேலையை முடிக்க நேரம் கிடைக்கும். முதல் வகுப்பன்று மற்றவர்கள் கையில் நூல் இருக்கும்போது அவர் கையிலும் அது இருக்கும்.